காயாத மூலை

பலகையின் இடது கீழ் மூலை மட்டும் காயவில்லை.

மற்ற இடமெல்லாம் மறுநாளே இறுகி, நகத்தால் தட்டினால் டொக்கென்று பதில் சொன்னது. அந்த மூலை மட்டும் அமுக்கினால் அமுங்கியது. விரலை எடுத்தால், எதையோ யோசித்துவிட்டு எழுவது போல மெதுவாக மேலே வந்தது. மோகனப்ரியா முதலில் ஊரைத்தான் குற்றம் சொன்னாள். ஐப்பசியில் மத்திகிரியில் எதுதான் காய்கிறது? கொடியில் போட்ட துணி புழுங்கல் வாசனையோடு நாள்கணக்கில் தொங்கும். கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து வரும் காற்றில் நனைந்த வைக்கோலும் சாணமும் கலந்து மணக்கும். தீக்குச்சியை உரசினால் குச்சி உடையுமே தவிரப் பற்றாது. சுவருக்குப் பூசும் பட்டியும் வெள்ளைப் பசையும் வார்ப்பட மணலும் கலந்து விரல் கனத்துக்கு இழுத்துவிட்ட இடம் கொஞ்சம் அடம்பிடிப்பது அதிசயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் ஈரம் என்றால் சில்லென்று இருக்க வேண்டும். அது துணி சுற்றி மூடிவைத்த சோற்றுப்பானை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

வெங்கடப்பனின் லைன் வீடுகளில் சுவர் என்பது பெயருக்குத்தான். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நான்கு வீட்டில் தும்முவார்கள். யாருக்கு எந்த ஷிப்ட், யார் வீட்டில் சண்டை, அது எப்போது சமாதானமானது என்பதெல்லாம் வரிசை முழுக்கத் தெரியும். தெரியாவிட்டால் கடைசி வீட்டு முனிலட்சுமி தெரியவைப்பாள். அப்படிப்பட்ட வரிசைக்கே பிடிபடாத ஒன்று மோகனப்ரியாவின் படங்கள். படம் என்றால் அதில் ஒரு மயிலாவது இருக்க வேண்டும், போனால் போகிறதென்று மலைக்கு நடுவில் ஒரு சூரியன். இவள் மெட்ரிகுலேஷன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பிளைவுட் பலகையில் கொத்தனார் வேலை பார்த்தாள். சாக்கைக் கிழித்து ஒட்டினாள். கெலமங்கலம் பக்கத்தில் ஓட்டை விழுந்து கழித்துப்போட்ட பட்டுக்கூடுகளை வாங்கி வந்து ஒட்டினாள். குடிக்க வேண்டிய காபி டிகாஷனை அதன்மேல் ஊற்றினாள். முனிலட்சுமி ஒரு நாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல மேல் பக்கம் எது டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

"எப்படி வெச்சாலும் சரிங்க" என்றான் ஜெகதீஷ், பெருமை தாங்காமல்.

வரிசை அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தது.

ஜெகதீஷ் அவள் புருஷன். துறையூர்ப் பக்கத்துப் பிள்ளை, இங்கே ஒரு கம்பெனியில் வார்ப்படப் பிரிவில் வேலை. வெந்து கறுத்த மணல், லேத்திலிருந்து நீலம் பாரித்து விழுந்த இரும்புச் சுருள், கிழிந்த கேஸ்கெட் என்று டிபன் பையில் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்ததில் பாதி குப்பை, மீதி அழுக்கு. கம்பெனி தள்ளுவதையெல்லாம் என் பொண்டாட்டி பெங்களூரில் கண்காட்சி வைக்கப்போகிறாள் என்று டீக்கடை வரை சொல்லி வைத்திருந்தான். அதற்காகத்தான் இந்தப் பெரிய பலகை, ஒரு கதவு உயரத்துக்கு. அவன் கலந்து கொடுக்க அவள் பட்டித் தகட்டால் இழுப்பாள். சுவரில் ஆணி அடிக்க வெங்கடப்பன் விடமாட்டார் என்பதால் அதைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு மதியம் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பியவன், ரோட்டை அகலப்படுத்த வெட்டிப்போட்டிருந்த இடத்தில் லாரிக்கடியில் போனான்.

ஊருக்குக் கொண்டுபோகும் நிலையில் உடம்பு இல்லை. இங்கேயே ஏரிக்கரைச் சுடுகாட்டில் எரித்தார்கள். பெண்கள் போகக்கூடாது, அவள் போகவில்லை. பலகைக்கு எதிர்ச்சுவரில் அவன் படத்தைப் பெரிதாக்கி, சந்தன மாலை போட்டு, கண்ணாடிமேல் நெற்றியில் குங்குமம் வைத்து, ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பையும் எரியவிட்டார்கள். அந்த ஒரு ஆணிக்கு மட்டும் வெங்கடப்பன் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கொழுந்தன் கமலக்கண்ணன் சாம்பல் கலயத்தோடு வந்தான். ஒகேனக்கல்லில் கரைக்க வேண்டும். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம்; காம்பவுண்டு சுவரின்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். வரிசையில் எல்லாரும் மரியாதைக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு, மரியாதை இல்லாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கண்ணுக்கும் தப்பி, முந்தானையை இழுத்துவிடுகிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பி, மோகனப்ரியா ஒரு பிடி அள்ளினாள். வீட்டுக்குள் கொண்டுபோனாள்.

கரைத்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின், அவன் விட்டுப்போன மணலோடு அந்தப் பிடியையும் போட்டுப் பிசைந்து, பலகையில் காலியாக இருந்த இடது கீழ் மூலையில் இழுத்துவிட்டாள். தகடு மணலில் உரசும்போது வழக்கமாக வரும் கரகரப்பு அன்று வரவில்லை. வெண்ணெயில் போவது போலப் போனது.

அப்புறம்தான் காயாமல் போனது.

சாயங்காலமானால் கரண்ட் போகும் வருஷம் அது. ஊரே இருண்டு, டிவி சீரியல் பாதியில் நின்ற கோபத்தில் வரிசை வாசலுக்கு வந்து பேச ஆரம்பிக்கும். அவள் உள்ளேயே இருப்பாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பலகையின் மேடும் பள்ளமும் நிழல் கட்டி, ஏதோ ஆளில்லாத மலைப்பிரதேசத்தை உயரத்திலிருந்து பார்ப்பது போல இருக்கும். அந்த அமைதிக்குள்ளே மெதுவாக, சர்க்கரைப் பொட்டலத்தில் ஓட்டை விழுந்தாற்போல, மணல் உதிரும் சத்தம் கேட்கும். காலையில் தரையில் ஒரு சின்னக் குவியல் இருக்கும். கூட்டி அள்ளுவாள். மூலை குறைவதில்லை. சமனாக்கி வைத்த இடத்தில் மறுநாள் புறங்கை நரம்பு போல வரிகள் எழுந்திருக்கும். தகட்டால் மறுபடி இழுப்பாள். மறுபடி எழும். வலது மேல் பக்கம் சுழலாக ஒட்டியிருந்த லேத் சுருள்களெல்லாம், பசை விடாமலே, காற்றடித்த தலைமுடி போல அந்த மூலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

பயந்தாளா என்றால், பயந்தாள். பயந்துகொண்டே ஒரு நாள் கிட்டே உட்கார்ந்து, "என்னங்க?" என்றாள்.

மூலை எழும்பியது. மூச்சிழுத்த வயிறு போல எழும்பி, அப்படியே நின்று, இறங்கியது.

அன்றைக்கு அவள் அழுத அழுகையை வரிசை கேட்டது. புருஷன் போன அழுகை இப்போதுதான் வருகிறது பாவம் என்று பேசிக்கொண்டது. அது அந்த அழுகை இல்லை. அதன்பின் அவள் தலைசீவ ஆரம்பித்ததையும், இரண்டு டம்ளர் டீ போடுவதையும், உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சு கேட்பதையும் வரிசை கவனித்து, ஆளுக்கொரு அர்த்தம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டது. அதில் சொல்லத் தகுந்தது ஒன்றுமில்லை.

பாயைப் பலகைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பள்ளியில் நடந்தது, பால்காரரோடு நடந்தது எல்லாம் சொன்னாள். கடைசியில், சொல்ல முடியாமல் வைத்திருந்ததையும் சொன்னாள். அன்று மதியம் அவன் கிளம்பும்போது மெத்தையெல்லாம் மணல் என்று அவள் கத்தியது. இனி இந்தக் குப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள் என்றது. அவன் வராமலே போனது. மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டு உள்ளங்கையை அந்த மூலையில் வைத்தாள். ஈரம் விலகி இடம் கொடுத்தது. உள்ளேயிருந்து இன்னொரு உள்ளங்கை வந்து அவளுடையதோடு சேர்ந்தது.

முரட்டுக் கை. கல்லுடைத்துக் காய்த்துப்போனது போல. கையுறை போட்டே வேலை பார்த்ததில் ஜெகதீஷின் கை மெத்தென்றிருக்கும். பொம்பளைக் கை என்று வரிசையில் கேலிகூடச் செய்வார்கள். செத்துப்போனால் கை காய்த்துவிடுமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். பீடி வாசனை வேறு அடித்தது. ஜெகதீஷுக்குப் பீடிப் புகை பட்டாலே இருமல் வரும். அது வெளியிலிருந்து வருவதாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய வீட்டுக்குள் வாசனை கூடியது.

நம்ப வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்குக் காரணமா கிடைக்காது?

கமலக்கண்ணன் அண்ணியைத் துறையூருக்கே அழைத்துப் போய்விடுவதென்று போனில் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வேன் வரும், சாமான்களைக் கட்டி வையுங்கள் என்று. அவள் முதலில் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது எஸ்டிடி பூத்துக்குப் போய், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். தனியாக அங்கே என்ன செய்வீர்கள் என்று அவன் கேட்டதற்குத் தனியாக இல்லை என்று பதில் சொன்னாளாம். பூத்துக்காரர் வழியாக அது முனிலட்சுமி காதுக்கு வந்தது.

முனிலட்சுமிக்கு வாய் நீளம், மனசு கெட்டதில்லை. கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை முடிந்து வந்தவள், ஒரு கிண்ணத்தில் களியும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு வந்து மோகனப்ரியாவின் வாசற்படியில் உட்கார்ந்தாள். வானம் மூடியிருந்தது. கிண்ணத்தை மோகனப்ரியாவின் பக்கம் நகர்த்தினாள். பிறகு, போங்கள், ஊருக்குப் போய்விடுங்கள் என்றாள். யாருக்காக இங்கே இருக்கிறீர்கள் என்றாள்.

"அவரு இங்கதாங்க இருக்காரு" என்றாள் மோகனப்ரியா, சிரித்துக்கொண்டே. ஒரு பிடி சாம்பலை எடுத்து வைத்திருப்பதைச் சொல்லியும்விட்டாள்.

முனிலட்சுமியின் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது.

"அது உங்க வூட்டுக்காரரு இல்ல, டீச்சரம்மா."

சுடுகாட்டில் எரிக்கும் சென்னப்பன் முனிலட்சுமியின் அண்ணன். குடித்தால்தான் பேசுவான், பேசியிருக்கிறான். அன்றைக்கு அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எரிந்தது. இன்னொன்று ரயில் தண்டவாளத்தோரம் கிடந்த ஆள். எங்கேயோ ஜல்லி கொட்டும் வேலைக்கு வந்தவன். எந்த ஊர், என்ன பேர், என்ன பாஷை, ஒன்றும் தெரியாது. யாரும் தேடி வரவில்லை. மறுநாள் விடிந்தும் விடியாமலும் கமலக்கண்ணன் போய் நின்றபோது சென்னப்பன் டீ குடிக்கப் போயிருந்தான். தங்கள் ஊர்ச் சுடுகாட்டில் ஒரு நாளைக்கு ஒரு பிணம் எரிந்தாலே அதிகம் என்று பழகியவன், ஒகேனக்கல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், முதலில் தெரிந்த குவியலில் பாலை ஊற்றி, அள்ளிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்த சென்னப்பன் பார்த்தான். பால் ஊற்றியாகிவிட்டது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டான்.

"அப்ப அவரு?" என்றாள் மோகனப்ரியா.

"அன்னிக்குப் பேஞ்ச மழைதான் தெரியுமே. ஓடிப்போச்சாம். வாய்க்கால்ல."

அதற்குமேல் முனிலட்சுமி பாதி கன்னடத்தில் அழுதாள். மோகனப்ரியா அழவில்லை. களிக் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டாள். தாழிட்ட பிறகுதான், உள்ளே யாரோடு தாழிட்டுக்கொண்டோம் என்பது உறைத்தது.

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. அவன் படத்துச் சிவப்பு பல்பு அணைந்தது.

கூடத்தில் இருட்டு, பீடி வாசனை, ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஓட்டில் விழும் மழைக்கு அடியில், விடாமல், அந்த மணல் உதிரும் சத்தம். சுவரோடு சுவராக நின்றாள். கூச்சம்தான் முதலில் வந்தது, பயம் இல்லை. முடியை அவிழ்த்துவிட்டு அதன் பக்கத்தில் படுத்திருந்தாள். புருஷனிடம் மட்டும் சொல்லக்கூடியதையெல்லாம் முகம் தெரியாத ஒருவனிடம் சொல்லியிருந்தாள். மன்னிப்பும் அவனிடமிருந்துதான் வாங்கியிருந்தாள். கொடுக்க வேண்டியவர் ஒரு சொட்டுப் பால்கூட இல்லாமல் சாக்கடையோடு போய்விட்டார். அவருக்குக் காரியமே நடக்கவில்லை. பதினாறாம் நாள் எள்ளும் தண்ணீரும் இறைத்தது யாருக்கு?

மெழுகுவர்த்தியை ஏற்றினாள். பட்டித் தகட்டை எடுத்தாள். அந்த மூலையை மட்டும் சுரண்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, விடிந்ததும் சென்னப்பனிடம் கொடுத்து ஆற்றில் கரைக்கச் சொல்ல வேண்டும். பாவம், அவனும் போய்ச் சேரட்டும். அவ்வளவுதான் வேலை.

தகடு உள்ளே போனது. சுரண்டவில்லை, போனது. பலகை விரல் கனம்தான், அதற்குப் பின்னால் சுவர். தகடு முழுக்கப் போனது. பிடி போனது. அவள் விரல்கள் போயின.

வெதுவெதுப்பு.

இழுத்தாள். வரவில்லை.

"விடுங்க" என்றாள். பிறகு, ஏன் கேட்டாள் என்று தெரியாமலே, "நீங்க யாரு?" என்றாள்.

மணல் உதிரும் சத்தம் நின்றது.

பலகை முழுக்க நகர ஆரம்பித்தது. கல்லாய் இறுகிக் கிடந்த மேடெல்லாம் தளர்ந்தது. சாக்கு சுருங்கியது. லேத் சுருள்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து, மேலே, வகிடெடுத்த முடியாகப் படிந்தன. இரண்டு பட்டுக்கூடுகள் இறங்கி வந்து அருகருகே நின்றன. மூக்கு எழுந்தது. உதடு எழுந்தது. யாரென்று கேட்டதற்கு அதற்குச் சொல்லத் தெரிந்தது ஒரே பதில். இத்தனை நாளாக அவள் அதைக் கூப்பிட்ட ஆள். இத்தனை நாளாக எதிர்ச்சுவரில் அது பார்த்துக்கொண்டிருந்த ஆள்.

ஜெகதீஷ்.

போட்டோவில் இருக்கிற ஜெகதீஷ். அதே திரும்பிய தோள். அதே சட்டைக் காலர். கண்ணாடிமேல் வைத்த குங்குமத்தையும் நெற்றியோடு சேர்த்து, மேடாக, வட்டமாகச் செய்திருந்தது. கழுத்தில் சந்தன மாலையைக்கூட விடவில்லை. அதையும் உடம்பு என்று நினைத்துவிட்டது போல.

பிடித்திருக்கிறதா என்று கேட்பது போல அந்த முகம் மெதுவாக முன்னால் வந்தது.

அவளுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. தேடி வர ஒரு ஆள்கூட இல்லாதவன். ஒருத்தி என்னங்க என்று கூப்பிட்டிருக்கிறாள். அது போகாது. துறையூருக்கு வேன் வந்தாலும் போகாது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

முனிலட்சுமியாக இருக்கும் என்று திரும்பினாள். முனிலட்சுமி தட்டமாட்டாள், கூப்பிட்டுக்கொண்டேதான் வருவாள். இது மெதுவாக, ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கும் வரிசையை எழுப்பக்கூடாதென்று விரல் கணுவால் தட்டுகிறவனின் தட்டல். கொஞ்சம் பொறுத்து மறுபடி. குரல் இல்லை. மழை மட்டும்.

"என்னங்க" என்றாள். இம்முறை கதவைப் பார்த்து.

பலகைக்குள் அவள் கையைச் சுற்றியிருந்தது அசைந்தது.

கதவுக்கடியில் தண்ணீர் உள்ளே வந்தது. மழைத் தண்ணீர்தான். ஆனால் கனமாக, சாம்பல் நிறத்தில், வழி கேட்டுக்கேட்டு வருகிற மாதிரி வந்தது. நிலைப்படியைத் தாண்டித் தரையில் பரவாமல் நின்றது. இரண்டாகப் பிரிந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குதிகால் தெரிந்தது. விரல்கள் தெரிந்தன. ஈரச் சாம்பலில் இரண்டு பாதங்கள், அவளைப் பார்த்து, வீட்டுக்குள் வரலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தன.

அவள் எட்டினாள். இடது கையை நீட்டினாள். எட்டவில்லை.

உள்ளேயிருந்த கை, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துவிடுவோமென்று பயந்த பிள்ளையின் கை போல, அவள் விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.